240 துண்டுகள் கொண்ட மூலக்கூறு மாதிரிப் பெட்டி: ஓராண்டு வகுப்பறைப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், கோவை காந்திபுரத்துப் பக்கம் ஆய்வகப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் 1,150 ரூபாய் கொடுத்து மூலக்கூறு மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். பள்ளிக் கணக்கில் அல்ல, சொந்தப் பணத்தில்தான். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். ஓராண்டு முழுவதும் 42 மாணவர்களின் கையில் புழங்கிய பிறகு அந்தப் பெட்டி எதற்கு உதவியது, எங்கே கைவிட்டது என்பதை, அதை வாங்கலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் எழுதி வைக்கிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் பார்த்தவரை இந்த விலையில் கிடைக்கும் பெட்டிகள் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடுவதில்லை, மேலட்டை மட்டும்தான் மாறுகிறது.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது இதைப் போல இரண்டு மடங்கு துண்டுகள் கொண்ட பெரிய பெட்டியை. வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு, அதை அவரே உள்ளே தள்ளிவிட்டார். "பெருசு ஒண்ணு வாங்கறதுக்குச் சின்னது ரெண்டா வாங்கிக்கங்க டீச்சர். ஒரே பெட்டியச் சுத்தி நாப்பது புள்ளைங்க நின்னா ஒருத்தருக்கும் கை எட்டாதுங்க" என்றார். விற்கிறவரே சிறிய பொருளைப் பரிந்துரைப்பது அபூர்வம் என்பதால் அதை நம்பினேன். ஆனால் அன்று கையில் இருந்த பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடிந்தது. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஜூலை மாதமே தெரிந்துவிட்டது.

பெட்டிக்குள் 114 பந்துகளும் 126 இணைப்புக் குச்சிகளும் இருப்பதாக மூடியில் அச்சிட்டிருந்தது. கார்பனுக்குக் கறுப்பில் 30, ஹைட்ரஜனுக்கு வெள்ளையில் 40, ஆக்சிஜனுக்குச் சிவப்பில் 14, நைட்ரஜனுக்கு நீலத்தில் 8, ஹாலஜன்களுக்குப் பச்சையில் 10. கந்தகத்துக்கு மஞ்சளிலும் பாஸ்பரஸுக்கு ஊதாவிலும் உலோகங்களுக்குச் சாம்பல் நிறத்திலும் நான்கு நான்கு. குச்சிகளில் 80 விறைப்பானவை, ஒற்றைப் பிணைப்புக்கு உரியவை. மீதி 46 சற்று நீளமாக, வளையக்கூடியவையாக இருப்பவை, இரட்டைப் பிணைப்புக்கும் முப்பிணைப்புக்கும் உரியவை. இவை போகக் குச்சியைப் பிடுங்குவதற்குச் சிறிய பிளாஸ்டிக் கவை ஒன்று. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்ததில் வெள்ளைப் பந்து 39-தான் இருந்தது. ஒரு பந்துக்காகக் கோவைக்குத் திரும்பப் பேருந்து ஏறுவதா என்று விட்டுவிட்டேன்.

இந்த நிறங்கள் பெட்டி செய்தவரின் விருப்பம் என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றுக்கு 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது இருக்கிறது. 1865-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆற்றிய சொற்பொழிவில், குரோக்கே என்ற புல்தரை விளையாட்டுக்கான மரப்பந்துகளில் துளையிட்டு, குச்சிகளால் இணைத்து, மூலக்கூறுகளை மேசை மேல் நிறுத்திக் காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை என்று அவர் பூசிய வண்ணங்கள்தான் காந்திபுரத்துக் கடைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஹாஃப்மனின் மீத்தேன் தட்டையானது. நான்கு வெள்ளைப் பந்துகளும் கூட்டல் குறியைப் போல ஒரே தளத்தில் கிடந்தன. எத்தனை பிணைப்புகள் என்பதைக் காட்டுவதே அவர் நோக்கமாக இருந்தது, அவை எந்தத் திசையில் நிற்கின்றன என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை. 1874-இல் 22 வயது வான்ட் ஹாஃப், கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று எழுதினார். அதே ஆண்டில் லெ பெல்லும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். வான்ட் ஹாஃப் அட்டையில் நான்முகிகளைச் செய்து சக அறிஞர்களுக்கு அனுப்பியும் வைத்தார். ஆக, இந்தப் பெட்டியில் நிறம் ஹாஃப்மனுடையது, துளை வான்ட் ஹாஃபுடையது.

துளைகளின் கோணம் சரியாக இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்த்தது. இந்த விலைக்குரிய பெட்டியில் அதில்தான் ஏமாற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கோணமானியை வைத்து அளந்ததில், கறுப்புப் பந்தில் 109 பாகைக்கும் 110-க்கும் இடையில் நின்றது. மீத்தேனின் கோணமான 109.5-க்கு இதைவிட நெருக்கமாக ஒரு பள்ளிக் கோணமானியில் அளக்கவும் முடியாது. சிவப்புப் பந்தில் 105-க்குச் சற்று முன்பின். நீரின் கோணம் 104.5. நீலப் பந்துக்கு மட்டும் கார்பனின் அச்சையே எடுத்து நீலச் சாயம் ஏற்றிவிட்டார்கள்: நான்கு துளைகள், அதே 109.5. அம்மோனியாவின் கோணம் 107 என்பதால் இது பிழைதான். ஆனாலும் எனக்கு அந்தப் பிழை உதவியது. மூன்று வெள்ளைப் பந்துகளைச் செருகிய பிறகு காலியாக நிற்கும் நான்காவது துளையைக் காட்டி, பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டை இருப்பது இந்த இடத்தில்தான் என்று சொல்ல முடிகிறது. அதில் இன்னொரு வெள்ளைப் பந்தைச் செருகினால் அம்மோனியம் அயனி. சிவப்புப் பந்தில் இரண்டே துளைகள் என்பதால் அந்த வசதி இல்லை. நீரின் இரண்டு தனித்த இரட்டைகளுக்கும் பெட்டியில் இடமே கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்பு என்ற பாடம் வரும்போது இந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போக வேண்டியதுதான்.

பெட்டியை வகுப்புக்கு எடுத்துச் சென்ற முதல் நாள், பலகையில் சி₂எச்₆ஓ என்று மட்டும் எழுதினேன். (பலகையில் ரோமன் எழுத்தில் எழுதுவதை வாய்விட்டுச் சொன்னால் எப்படி ஒலிக்குமோ அப்படியே இங்கும் எழுதுகிறேன்.) ஒவ்வொரு குழுவுக்கும் கறுப்பு இரண்டு, வெள்ளை ஆறு, சிவப்பு ஒன்று, விறைப்பான குச்சி எட்டு. ஒரு துளைகூடக் காலியாக இருக்கக் கூடாது, ஒரு குச்சிகூட மிஞ்சக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பெட்டியில் இருந்த வெள்ளைப் பந்துகளுக்கு ஆறு குழுக்கள் அமைந்தன. நான்கு குழுக்கள் சிவப்புப் பந்தை ஓரத்தில் வைத்தன. இரண்டு குழுக்கள் இரண்டு கறுப்புப் பந்துகளுக்கும் நடுவில் வைத்தன. யார் செய்தது தவறு என்று சண்டை மூண்டது. இரண்டும் சரிதான் என்றதும் வகுப்பில் எழுந்த முனகல், அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த நல்ல கணங்களில் ஒன்று. ஓரத்தில் சிவப்பு இருப்பது எத்தனால், 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம். நடுவில் சிவப்பு இருப்பது டைமெத்தில் ஈதர், பூஜ்ஜியத்துக்கு 24 பாகை கீழேயே கொதித்துவிடும் வாயு. மூலக்கூறு வாய்பாட்டில் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே எண். மாற்றியம் என்ற சொல்லை நான் பல ஆண்டுகளாகப் பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். ஒன்பது பந்துகளை வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்களுக்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை.

வாய்பாடுகளைக் குறைசொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வாய்பாடும் எதை மறைத்து எதைச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டே எழுதப்படுகிறது. சிஎச்₂ஓ என்ற எளிய விகித வாய்பாடு, பொருளை எரித்து எடை பார்த்தவர் கணக்கிட்டுக் கண்ட விகிதம் மட்டுமே; அதே விகிதம் ஃபார்மால்டிஹைடுக்கும் பொருந்தும், காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்துக்கும் பொருந்தும், குளுக்கோஸுக்கும் பொருந்தும். மூலக்கூறு வாய்பாடு எண்ணிக்கையைச் சொல்லும், இணைப்பைச் சொல்லாது. அமைப்பு வாய்பாடு இணைப்பைச் சொல்லும், கோணத்தைச் சொல்லாது. எழுத்தால் தனிமத்தைக் குறிக்கும் முறையை 1813, 1814 ஆண்டுகளில் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் வகுத்தபோது எண்ணை எழுத்தின் தோளில் ஏற்றித்தான் எழுதினார்; அது காலடிக்கு இறங்கியது பின்னால். அவருக்கு முன் 1808-இல் டால்டன் வட்டங்களால் வரைந்த நீரில் ஹைட்ரஜன் ஒன்றுதான் இருந்தது. படமாக வரைந்துவிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இது போதும். பந்தும் குச்சியும் வைத்துச் செய்ததற்கும் அதே கதிதான்.

எண்ணெய்க்கு வருகிறேன். மார்கழியில் எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துபோகும், அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க எடுக்க முடியும். அதே அலமாரியில் இருக்கும் கடலை எண்ணெய் உறைவதில்லை. காரணம் கேட்டால் ஒன்று நிறைவுற்றது (கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாதது), மற்றது நிறைவுறாதது என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். அதைக் கையில் காட்டலாம் என்று, தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதியாக உள்ள லாரிக் அமிலத்தையும், கடலை எண்ணெயில் முதன்மையாக உள்ள ஒலியிக் அமிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் செய்யத் திட்டமிட்டேன். முதலாவதில் 12 கார்பன், இரண்டாவதில் 18. கூட்டினால் 30, பெட்டியில் இருப்பதும் சரியாக 30. மிகவும் மகிழ்ந்தேன். ஹைட்ரஜனை எண்ணியபோதுதான் சிக்கல்: 24-ம் 34-ம் சேர்ந்து 58 வேண்டும், கையில் இருப்பது 39. பெட்டி முழுமையாகவே வந்திருந்தாலும் 18 குறைந்திருக்கும். அந்த ஒரு பந்தும் போனதால் 19.

என்ன செய்வது என்று கேட்டபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "வெள்ளைய எல்லாம் எடுத்துருங்க டீச்சர், எங்கெங்க இருக்குமுன்னு தெரியுமல்லங்க" என்றாள். எல்லா வெள்ளைப் பந்துகளையும் பிடுங்கிவிட்டு, கார்பன் எலும்புக்கூட்டையும் கடைசியில் உள்ள சிவப்புப் பந்துகளையும் மட்டும் விட்டோம். மேசை மேல் கிடந்தது அப்படியே பிணைப்புக்கோட்டு வாய்பாடு. ஒவ்வொரு முறிவிலும் ஒரு கார்பன், ஹைட்ரஜனை எழுத வேண்டாம், நான்குக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை ஹைட்ரஜன் என்ற விதியை நான் சொல்லித்தரும்போது ஏற்க மறுத்தவர்கள், பந்து பற்றாமல் தாங்களே அதைக் கண்டுபிடித்தார்கள். லாரிக் அமிலத்தின் சங்கிலி வளைந்து வளைந்து சென்றாலும் மொத்தத்தில் நேராக நீட்டி நின்றது, அடிக்கோலில் 27 சென்டிமீட்டர். ஒலியிக் அமிலத்தின் நடுவில், ஒன்பதாவது கார்பனுக்கும் பத்தாவதுக்கும் இடையில் உள்ள சிஸ் இரட்டைப் பிணைப்பில் (சங்கிலியின் இரண்டு பகுதிகளும் பிணைப்புக்கு ஒரே புறத்தில் நிற்பது), சங்கிலி முழங்கையைப் போல மடங்கி நின்றது. நேராக நிற்பவற்றை விறகைப் போல நெருக்கி அடுக்கலாம். மடங்கியவற்றை அடுக்க முடியாது. லாரிக் அமிலம் உருகுவது 44 பாகையில், ஒலியிக் அமிலம் உருகுவது 13 பாகைக்குச் சற்று மேல். எண்ணெயில் இந்த அமிலங்கள் தனித்தனியாக இல்லை, மூன்று மூன்றாகக் கிளிசராலோடு பிணைந்திருக்கின்றன என்பதையும், அதனால் தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உருகிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி அந்த ஒரு பாடவேளையிலேயே திரும்பிவிட்டது.

மஞ்சளுக்கு இவ்வளவு வெற்றி இல்லை, ஆனால் அதை விட்டுவிடவும் மனமில்லை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் மாணவர்களில் பலர் வீட்டில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டவர்கள். அதன் நிறத்துக்குக் காரணமான குர்க்குமினின் வாய்பாடு சி₂₁எச்₂₀ஓ₆. மொத்தம் 47 பந்துகள், விறைப்பான குச்சி 38, பத்து இரட்டைப் பிணைப்புகளுக்கு வளையும் குச்சி 20; பெட்டி இதற்குத் தாராளமாகப் போதும். கட்டத் தொடங்கியதும் ஒரு மாணவன் எழுந்து, "ஏனுங்க டீச்சர், மஞ்சளுக்கு மஞ்சக் குண்டு ஒண்ணுகூடப் போடறதில்லீங்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, எனக்கு அது சிரிக்கக்கூடிய கேள்வியாகத் தோன்றவில்லை. பெட்டியில் மஞ்சள் கந்தகத்துக்கு உரியது, குர்க்குமினில் கந்தகம் கிடையாது. நிறம் எந்த ஓர் அணுவிலும் இல்லை. இரண்டு வளையங்களுக்கும் இடையே ஒன்றுவிட்டு ஒன்றாக ஓடும் இரட்டைப் பிணைப்புகளின் தொடரில் இருக்கிறது. அந்தத் தொடர் அறுபடாமல் ஓடுவதைக் காட்ட, நடுவில் உள்ள கார்பனிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தைப் பிடுங்கிப் பக்கத்துச் சிவப்புப் பந்தில் செருகி, வளையும் குச்சிகளை ஓரிடம் நகர்த்தினோம்: கீட்டோ வடிவம் ஈனால் வடிவமானது, வாய்பாட்டில் ஓர் எண்கூட மாறவில்லை. குர்க்குமின் பெரும்பாலும் இந்த ஈனால் வடிவத்தையே விரும்புகிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஏன் சிவக்கிறது என்ற அடுத்த கேள்விக்குப் பெட்டியால் பதில் சொல்ல முடியாது. காரத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனி கழன்றுபோவதைப் பந்தைப் பிடுங்கிக் காட்டலாம், எலக்ட்ரான்கள் அதன் பிறகு எப்படிப் பரவுகின்றன என்பதைக் காட்ட எந்தப் பந்தும் இல்லை.

தயிரில் உள்ள லாக்டிக் அமிலத்தை இரண்டு பேர் கண்ணாடி முன் நிற்பது போல எதிரெதிரே அமர்ந்து செய்வதும், பிறகு ஒன்றை மற்றதன் மேல் பொருத்த முயன்று தோற்பதும், இந்தப் பெட்டியை வைத்திருக்கும் எவரும் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி. முன்னோக்கியும் பின்னோக்கியும் நிற்கும் பிணைப்புகளைக் காட்டத் தடித்த ஆப்புக்கோடும் விட்டுவிட்டு வரும் கோடும் பலகையில் அரைமணி நேரம் எடுத்துச் சொல்வதை, வலக்கால் செருப்பை இடக்காலில் போட்டுப் பார்த்த அனுபவமாக அது மாற்றிவிடுகிறது. ஆறு கார்பன்கள் வளையமாகக் கோத்த வளையஹெக்சேனும் அப்படியே. கட்டி முடித்ததும் விரல்களுக்கு இடையில் அது தானாகவே 'இருக்கை' என்று பெயருள்ள வடிவத்துக்குத் துள்ளி அமர்கிறது. தட்டையாக வைக்க முயன்றால் குச்சிகள் எதிர்க்கின்றன. இதை 1890-இலேயே சாக்ஸே கணக்கிட்டுச் சொன்னார், பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. மூலக்கூறுகள் இப்படி எடுக்கும் வடிவங்களைப் (வச அமைப்புகளைப்) பற்றிய ஆய்வுக்காக ஹாசலும் பார்ட்டனும் நோபல் பரிசு பெற்றது 1969-இல். மேசையில் வைத்தால் கீழ்நோக்கி நிற்கும் மூன்று ஹைட்ரஜன்களின் மேல் நிற்கிறது. "பேருதான் இருக்கைங்க, நிக்கறது முக்காலியாட்ட நிக்குதுங்க" என்றான் ஒருவன்.

இனிப் பெட்டி சொல்லும் பொய்கள். இரண்டு கறுப்புப் பந்துகளின் மையங்களுக்கு இடையே 3 சென்டிமீட்டர் இருக்கிறது. உண்மையில் அந்தத் தூரம் 154 பிக்கோமீட்டர். ஏறக்குறைய இருபது கோடி மடங்கு பெருக்கம். அதே பெருக்கத்தில் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மாணவியை நிறுத்தினால், நிலவுக்குப் போகும் வழியில் ஆறில் ஐந்து பங்கு தூரத்துக்கு அவள் தலை எட்டும். இந்தப் பெருக்கம் எல்லாப் பிணைப்புக்கும் ஒன்றாக இருந்தால் குறையில்லை. கார்பன், ஹைட்ரஜன் பிணைப்பு 109 பிக்கோமீட்டர், மாதிரியில் அது 2.1 சென்டிமீட்டராக இருக்க வேண்டும், அளந்தால் 2.7. கார்பன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு 134 பிக்கோமீட்டர், ஒற்றைப் பிணைப்பைவிடக் குட்டையானது. இந்தப் பெட்டியிலோ வளையும் குச்சிகள் நீளமானவை என்பதால் அது 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. வலுவான பிணைப்பு குட்டையானது என்று பாடம் சொல்ல, மாதிரி நேர் எதிராகக் காட்டுகிறது. இதை முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணால் பார்த்ததைத்தான் தேர்வில் எழுதுவார்கள்.

பென்சீனில் இது இன்னும் மோசம். மூன்று இடத்தில் இரண்டிரண்டு வளைந்த குச்சிகளும் மூன்று இடத்தில் ஒற்றைக் குச்சியுமாக, 1865-இல் கெகுலே முன்வைத்த வளையம் கையில் கிடைக்கிறது. உண்மையில் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், ஏறக்குறைய 140 பிக்கோமீட்டர். ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை. அறுகோணத்துக்குள் ஒரு வட்டம் போட்டு எழுதும் அந்தச் சிறிய குறி, இந்த இடத்தில் 15 குச்சிகளைவிடவும் நேர்மையானது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் எத்திலீனில் இரட்டைக் குச்சிகள் திரும்ப மறுப்பது, சிஸ், டிரான்ஸ் வேறுபாட்டைச் சொல்லாமலே புரியவைத்துவிடுகிறது. ஒரே குச்சி ஓரிடத்தில் பொய்யும் ஓரிடத்தில் உண்மையும் சொல்கிறது.

உப்பைப் பற்றிய குறை எனக்குக் கொஞ்சம் கோபத்தையே தந்தது. பெட்டியோடு வந்த ஒற்றைத் தாள் கையேட்டில், சாம்பல் பந்தையும் பச்சைப் பந்தையும் ஒரு குச்சியால் கோத்து சோடியம் குளோரைடு என்று படம் போட்டிருக்கிறார்கள். என்ஏசிஎல் என்பது ஒரு விகிதம். படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம்; அங்கே குச்சியும் இல்லை, ஜோடியும் இல்லை. அந்தத் தாளை முதல் வாரத்திலேயே எடுத்து வைத்துவிட்டேன்.

வாய்பாடு மட்டுமே சொல்லக்கூடியதும் உண்டு. என் மாணவர் ஒருவரின் தந்தை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். பருத்தியில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் கொட்டும் கிளாபர் உப்பைப் (சோடியம் சல்பேட்) பற்றிப் பேச்சு வந்தது. படிகமாக வருவதன் வாய்பாடு என்ஏ₂எஸ்ஓ₄·10எச்₂ஓ. நடுவில் இருக்கும் அந்தப் புள்ளியை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம்: உப்பின் பங்கு 142, நீரின் பங்கு 180, மொத்தம் 322. ஐம்பது கிலோ மூட்டையில் ஏறக்குறைய 28 கிலோ நீர். "அப்பறம் தண்ணியத்தானுங்க முதுகுல தூக்கறோம்" என்று அவர் மறுநாள் மகனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தப் பாடத்துக்கு ஒரு பந்துகூடத் தேவைப்படவில்லை.

பந்தும் குச்சியும் உள்ள எல்லா மாதிரிகளுக்கும் உள்ள பொதுக் குறை, அணுக்களுக்கு இடையில் வெற்றிடம் இருப்பதாகக் காட்டுவது. ராபர்ட் கோரியும் லினஸ் பாலிங்கும் 1953-இல் வடிவமைத்து, பின்னர் கோல்டுன் மேம்படுத்திய இடம்நிரப்பு மாதிரிகள் இதற்காகவே வந்தவை. அவற்றில் அணுக்கள் ஒன்றில் ஒன்று அமுங்கியிருக்கும், குச்சி கண்ணுக்குத் தெரியாது. எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியிலிருந்துதான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்ற வரைபடத்தை உருவாக்கினார்கள். இன்றும் புரத அமைப்புகளை அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நான் வாங்கிய பெட்டியில் இடம்நிரப்பு வகைத் துண்டு ஒன்றுகூட இல்லை. நீருக்கு மட்டும் ஒரு சாத்துக்குடியின் இரண்டு பக்கத்தையும் சீவி, பக்கம் சீவிய எலுமிச்சை இரண்டைப் பல்குத்தும் குச்சியால் ஒட்டவைத்துச் சமாளித்தோம். பாடம் முடிந்ததும் அது சாறாகிவிட்டது.

கைபேசியில் இலவசமாகச் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் படங்களோடு ஒப்பிடச் சொல்வார்கள். பிணைப்பு நீளமும் கோணமும் அவற்றில் சரியாக இருக்கும், வெள்ளைப் பந்து தீராது. ஆனால் தட்டையாக்க முயன்றால் எதிர்க்கும் அந்த வளையத்தைத் திரையில் விரலால் உணர முடியாது.

தரத்தைப் பற்றிச் சில சொற்கள். பந்துகள் நன்றாக இருக்கின்றன. ஓராண்டில் ஒன்றுகூட உடையவில்லை, நிறம் வெளுக்கவில்லை. சிவப்புப் பந்து இரண்டில் மட்டும் துளை ஆழம் குறைவு, குச்சி நழுவுகிறது. விறைப்பான குச்சிகள் புதிதில் மிக இறுக்கம். பிடுங்கித் தரும் கவை மூன்றாம் வாரமே முறிந்தது, அதன் பிறகு பழைய கரண்டிக் காம்பு ஒன்றுதான் வேலை செய்கிறது. மூடியின் கீல் டிசம்பரில் போய்விட்டது, இப்போது ரப்பர் பேண்டு. கையேடு ஆங்கிலத்தில் மட்டும், பொடி எழுத்தில் இருக்கிறது, அதில் உள்ள பிழையை ஏற்கெனவே சொன்னேன்.

வீட்டில் ஒரு பிள்ளைக்காக வாங்குகிற பெற்றோருக்கு இந்தப் பெட்டியே அதிகம். பாதி துண்டுகள் உள்ளது போதும். வகுப்புக்கு வாங்கும் ஆசிரியர்கள், பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறிய பெட்டி இரண்டு என்ற கடைக்காரரின் சொல்லைக் கேட்கலாம். வாங்கும் முன் சிவப்புப் பந்தையும் நீலப் பந்தையும் எடுத்துத் துளைகளைப் பார்க்க வேண்டும். சிவப்பில் இரண்டு துளைகள் நேர்கோட்டில் இருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடலாம். ஆக்சிஜனில் நான்கு துளைகள் உள்ள பெட்டி கிடைத்தால், நூறு இருநூறு ரூபாய் கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

இந்த ஜூனில் அதே கடைக்குப் போய் இரண்டாவது பெட்டி வாங்கினேன். கடைக்காரர் பில் போடுவதற்கு முன்பே அவருடைய மேசையில் வெள்ளைப் பந்துகளைக் கொட்டி எண்ணினேன். நாற்பது இருந்தன. போன ஆண்டின் கதையைக் கேட்டுவிட்டு, உள்ளே பிரித்து வைத்திருந்த ஒரு பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து மேலே வைத்தார்.